எதிர்ப்பு ரகம் என்று வாங்கிய நெல் சில வருஷத்தில் ஏன் கருகுகிறது?

நெல் இலை கருகினால் அது பாக்டீரியாவின் வேலையா, வேறு ஏதாவதா என்று தெரிந்துகொள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டாம். கருகலும் பச்சையும் சேருகிற இடத்தில் இலையைக் கத்தரித்து, வெட்டு முனை முங்கும்படி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். சில நிமிஷத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் போல ஒரு இழை கீழே இறங்கும். கொஞ்ச நேரம் விட்டால் தண்ணீரே கலங்கிவிடும். அந்த இழை முழுக்க பாக்டீரியாதான், கோடிக்கணக்கில்.

பாக்டீரியா இலைக்கருகல் என்கிற இந்த நோயின் வரலாறும் இந்தக் கலங்கலில்தான் தொடங்குகிறது. 1884-ல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா பகுதி விவசாயிகள் நெல் இலை ஓரம் மஞ்சளாகிக் காய்வதைக் கவனித்தார்கள். மண்ணில் அமிலம் கூடிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். நோய் கண்ட வயலில் காலையில் இலைமேல் நிற்கும் துளிகள் தெளிவாக இல்லாமல் கலங்கலாக இருந்தன. 1909 வாக்கில் அந்தத் துளியை ஆராய்ந்தபோதுதான் அதற்குள் பாக்டீரியா மொய்ப்பது தெரிந்தது. சாந்தோமோனாஸ் ஒரைசே என்பது இன்றைய பெயர். சாந்தோ என்றால் கிரேக்கத்தில் மஞ்சள். ஆய்வகத் தட்டில் வளர்த்தால் அழகான மஞ்சள் நிறத்தில் படரும்.

விடியற்காலையில் நெல் இலையின் நுனியிலும் ஓரத்திலும் கோத்திருக்கும் துளிகளை நாம் பனி என்கிறோம். அதில் பெரும்பகுதி பனி அல்ல. இரவில் வேர் உறிஞ்சிய தண்ணீர் மிஞ்சிப்போய், இலை ஓரத்தில் இருக்கும் நுண்துளைகள் வழியாகச் செடியே வெளியே தள்ளும் நீர். வெயில் ஏறியதும் அந்தத் துளியில் ஒரு பங்கை இலை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். துளியில் பாக்டீரியா நீந்திக்கொண்டிருந்தால் அதுவும் கூடவே உள்ளே போய்விடும். கதவை உடைக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. உள்ளே போனபின் இருப்பிடம் நீர்க்குழாய்கள், அதாவது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் பாதை. அங்கே பெருகி, பிசின் போன்ற ஒரு கூழைச் சுரந்து, குழாயை அடைக்கிறது. இலை நுனியில் தொடங்கி ஓரம் வழியாக அலை அலையாக மஞ்சள் இறங்கி, கடைசியில் வைக்கோல் நிறமாகிறது.

இன்னொரு வாசல் காயம். மழைக்காற்றில் இலையோடு இலை உரசும் காயம், நாற்றுப் பறிக்கும்போது அறுபடும் வேர், அப்புறம் நாமே உண்டாக்கும் காயம். நாற்று உயரமாக வளர்ந்துவிட்டால் நடவுக்கு முன்னால் நாற்று முடியைப் பிடித்து நுனியைக் கிள்ளிவிடுவது பல ஊர்களில் வழக்கம். இலைக்கருகல் வரும் பகுதியில் அதைச் செய்யாதீர்கள் என்று வேளாண் துறை சொல்கிறது. ஆனால் தண்டுத்துளைப்பான் என்ற பூச்சிக்கான பரிந்துரையைப் பார்த்தால், நுனியில் இருக்கும் முட்டைக் குவியல் ஒழிய நுனியைக் கிள்ளி நடுங்கள் என்றிருக்கும். இரண்டும் சரியான அறிவுரைதான். எது முக்கியம் என்பதை அந்த வயலில் போன வருஷம் எது வந்தது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். துண்டுப் பிரசுரத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

நட்ட சில வாரத்துக்குள் நோய் பிடித்தால் இலை மட்டும் போகாது, முழுச் செடியும் வதங்கிச் சாகும். இந்த நிலைக்கு உலகம் முழுக்க 'க்ரெசெக்' என்று பெயர். இந்தோனேசியாவிலிருந்து வந்த சொல். பார்த்தால் தண்டுத்துளைப்பான் தாக்கி நடுக்குருத்து காய்ந்தது போலவே இருக்கும். தூரின் அடியை நசுக்கிப் பார்த்தால் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒரு திரவம் வரும். பூச்சி வேலையாக இருந்தால் அது வராது.

இந்தியாவில் இந்த நோய் 1950-களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தில் பதிவானது. அப்போது அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1963-ல் பீகாரின் ஷாகாபாத் பகுதியில் பெரிய அளவில் அடித்தபோதுதான் பயம் வந்தது. அதே காலத்தில்தான் தைச்சுங் நேட்டிவ் 1, ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்களும் வந்தன. குட்டையான தண்டு, நெருக்கமான தூர், அள்ளிப் போட்ட யூரியா. தழைச்சத்து கூடினால் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று வளரும். பாக்டீரியாவுக்கு விருந்து வைத்ததுபோல்தான். இந்த இரண்டு ரகத்துக்கும் இலைக்கருகலைத் தாங்கும் சக்தி கிடையாது. பழைய நாட்டு ரகங்கள் எல்லாமே நோய் தாங்கியவை என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். அது உண்மையல்ல, அவற்றிலும் பல விழுந்துவிடும். ஆனால் நூறு வயலில் நூறு விதமான நெல் இருந்தபோது நோய்க்கு ஒரே ஓட்டமாக ஓட வழி இல்லை என்பது உண்மை. நோய் கடுமையாக அடித்த இடங்களில் பாதி மகசூல்வரை போயிருக்கிறது. நடுத்தரமாக வந்தாலும் மூட்டைக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு குறையும், மணியும் பொக்காகும்.

சரி, மருந்து அடித்தால் என்ன? பூஞ்சாண நோய்க்கு மருந்து இருக்கிறது. ஆனால் இந்தப் பாக்டீரியா இலையின் மேலே உட்கார்ந்திருக்கவில்லை, குழாய்க்குள் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூளைத் தாமிர மருந்தோடு சேர்த்து அடிக்கும் பரிந்துரை நீண்ட காலம் இருந்தது. மனுஷனுக்குப் போடும் ஆன்டிபயாடிக்கை வயல்வெளியில் தெளிப்பது புத்திசாலித்தனம் இல்லை என்பதை இப்போது அரசே ஒப்புக்கொண்டு அதை நிறுத்தும் பக்கம் நகர்ந்திருக்கிறது. பசுஞ்சாணக் கரைசல் தெளிப்பதும் பரிந்துரையில் உண்டு. யூரியாவைப் பிரித்துப் போடுவது, நோய் கண்டால் மேலுரத்தைத் தள்ளிவைப்பது, பாதித்த வயலின் தண்ணீரை மடை வழியாக அடுத்த வயலுக்கு விடாமல் இருப்பது, இவையெல்லாம் நோயின் வேகத்தைக் குறைக்கும். காவிரிப் படுகையில் தாளடிப் பயிர் நிற்கும்போது வடகிழக்குப் பருவமழை ஒரு வாரம் விடாமல் பெய்தால் இந்த எச்சரிக்கை எல்லாம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது அங்கே பயிர் வைத்தவர்களுக்குத் தெரியும். ஆகவே நெல்லே தாங்க வேண்டும்.

எந்த நெல் தாங்கும் என்று பார்க்கும் முறை எளிது. கத்தரிக்கோலைப் பாக்டீரியா கரைத்த தண்ணீரில் முக்கி, இலை நுனியைக் கத்தரித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து எத்தனை சென்டிமீட்டர் கருகியிருக்கிறது என்று அளப்பது. 1970-களின் தொடக்கத்தில் வந்த இந்த முறைதான் இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. விவசாயியை எதைச் செய்யாதே என்கிறோமோ அதையே ஆராய்ச்சிக்காரர் வேண்டுமென்றே செய்கிறார்.

இப்படித் தேடியபோது கிடைத்த முதல் பெரிய சொத்து நம் ஊருடையது. திருவள்ளூர் பக்கம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1950-களில் வந்த டி.கே.எம். 6. கோ 18-ஐயும் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து எடுத்த ரகம். தண்டுத்துளைப்பானைத் தாங்கும் என்ற பெயர் அதற்கு முன்பே இருந்தது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதைப் பெற்றோரில் ஒன்றாகச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர். 20 1969-ல் வந்தது. தமிழ்நாட்டில் சம்பாவுக்கு ஒரு தலைமுறையே அதைத்தான் நட்டது. டி.கே.எம். 6-லிருந்து போன எதிர்ப்பு மரபணுவுக்கு எக்ஸ்ஏ 4 என்று பெயர் வைத்தார்கள். ஐ.ஆர். வரிசையில் அடுத்தடுத்து வந்த பல ரகங்களில் அது ஏறியது. ஆசியாவின் பெரும் பரப்பை திரூரின் ஒரு மரபணு காத்தது என்று சொன்னால் மிகையில்லை.

அங்கேதான் பிரச்சினையும் வந்தது. பிலிப்பைன்ஸில் எக்ஸ்ஏ 4 உள்ள ரகங்களே எங்கும் நிறைந்தபோது, அதுவரை ஆதிக்கம் செலுத்திய பாக்டீரியா வகை பின்வாங்கியது. அதன் இடத்தில் எக்ஸ்ஏ 4-ஐச் சட்டை செய்யாத இன்னொரு வகை வந்து உட்கார்ந்தது. நெல் மாறவில்லை, அதே விதை, அதே மரபணு. மாறியது எதிராளி.

இதற்கு முன்பே வட டகோட்டாவில் ஃப்ளோர் என்ற விஞ்ஞானி ஆளிச்செடியின் துரு நோயை வைத்து 1940-களில் ஒரு கணக்கைச் சொல்லியிருந்தார். செடியில் எதிர்ப்பு மரபணு ஒன்று இருந்தால், நோய்க்கிருமியிலும் அதற்கு இணையான ஒன்று இருக்கும். கிருமி தன்னிடம் உள்ளதை மாற்றினால் அல்லது இழந்தால் செடியால் அதை அடையாளம் காண முடியாது. ஆக, 'நோய் எதிர்ப்பு ரகம்' என்பது விதைப் பையில் அச்சடித்த நிலையான குணம் இல்லை. அந்த விதைக்கும், அந்த வட்டாரத்தில் சுற்றும் பாக்டீரியாவுக்கும், எத்தனை ஏக்கரில் அந்த ஒரே விதை நிற்கிறது என்பதற்கும் இடையிலான உறவு அது. ஏக்கர் கூடக்கூட, அதை மீறும் கிருமிக்குக் கிடைக்கும் பரிசும் கூடுகிறது.

பாக்டீரியா உண்மையில் என்ன செய்கிறது என்பது கடந்த இருபது வருஷத்தில்தான் தெளிவானது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இது. நீர்க்குழாயில் தண்ணீர் இருக்கும், சாப்பாடு அவ்வளவாக இருக்காது. சர்க்கரை பக்கத்துச் செல்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பாக்டீரியா ஊசி மாதிரி ஒரு உறுப்பால் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதம் நேராகச் செல்லின் உட்கருவுக்குப் போய், 'ஸ்வீட்' என்று பெயரிடப்பட்ட சர்க்கரை வாசல் மரபணுவின் முன்பகுதியில், சுவிட்ச் இருக்கும் இடத்தில், ஒட்டிக்கொள்கிறது. சுவிட்ச் போடப்படுகிறது, வாசல் திறக்கிறது, சர்க்கரை வெளியே கசிகிறது. செடியின் கையாலேயே செடியின் சமையலறையைத் திறக்க வைக்கும் வேலை. ஸ்வீட் 11, 13, 14 ஆகிய மூன்று வாசல்களில் ஏதாவது ஒன்றைத் திறந்தால் போதும்.

இந்தப் புரதம் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. அதன் நடுவில் ஒரே மாதிரியான துண்டுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு துண்டும் ஒரு எழுத்தைத் தேடும். இந்த ரகசிய மொழி 2009-ல் அவிழ்ந்தது. அதைக் கையாண்டு மனுஷர்கள் விரும்பிய இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கருவி செய்தார்கள். டேலன் என்ற அந்தக் கருவி, கிறிஸ்பர் என்ற இன்னொரு வெட்டும் கருவி பரவுவதற்கு முன்னால், மரபணுத் திருத்தத்தில் பெரிய பெயர். 2012-ல் அதை வைத்தே நெல்லின் ஸ்வீட் 14 சுவிட்சைத் திருத்தினார்கள். திருடனின் சாவியை வைத்தே பூட்டை மாற்றிய கதை.

இயற்கை இதே தந்திரங்களை ஏற்கனவே செய்து வைத்திருக்கிறது. எக்ஸ்ஏ 13 என்று நாம் சொல்லும் எதிர்ப்பு, ஸ்வீட் 11-ன் சுவிட்ச் பகுதி மாறிப்போன ஒரு வடிவம்தான். பாக்டீரியாவின் புரதம் வந்து ஒட்டிக்கொள்ள அங்கே இடமில்லை. ஏன் அந்த மரபணுவே இல்லாமல் போகவில்லை? மகரந்தம் உருவாகவும் மணி நிரம்பவும் அது தேவை, அதை முழுசாக எடுத்தால் பதர்தான் மிஞ்சும். எக்ஸ்ஏ 5 வேறு வழி. பாக்டீரியா சுவிட்சைப் போடச் செடியின் சொந்தப் புரதம் ஒன்றின் உதவி வேண்டும், அதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. எக்ஸ்ஏ 7 இன்னும் சாமர்த்தியம். ஸ்வீட் சுவிட்சின் நகலைத் செல்லையே கொல்லும் ஒரு மரபணுவின் முன்னால் வைத்திருக்கிறது. பாக்டீரியா சர்க்கரை வாசல் என்று நினைத்துச் சுவிட்சைப் போட, அந்தச் செல் செத்து, உள்ளே வந்த பாக்டீரியாவும் அங்கேயே முடங்குகிறது. நம்ம திரூர்க்காரன் எக்ஸ்ஏ 4 செல்சுவரைக் கெட்டிப்படுத்துகிறது என்று 2017-ல் தெரிந்தது.

எக்ஸ்ஏ 21-ன் கதை தனி. அது சாகுபடி நெல்லில் கிடைத்ததல்ல, ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் களையாக வளரும் காட்டு நெல்லில் கிடைத்தது. மணி சொற்பம், கிழங்கு போன்ற தண்டால் பரவும், விவசாயிக்கு இடைஞ்சல். அதன் விதை கட்டக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தபோது, அங்கே தேவதத் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்த எல்லா பாக்டீரியா வகைகளையும் அது தாங்கியது. காட்டு நெல்லின் அந்த ஒரு குணத்தை மட்டும் சாகுபடி நெல்லுக்குள் கொண்டுவர நெல் ஆராய்ச்சியாளர் குர்தேவ் குஷ் குழுவுக்கு பிலிப்பைன்ஸில் சுமார் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. 1995-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பமேலா ரொனால்ட் குழு மரபணுவைத் தனியாகப் பிரித்தெடுத்தது. செல்லின் மேற்பரப்பில் காவலாளி போல நின்று, பாக்டீரியா வெளியிடும் ஒரு துணுக்கை மோப்பம் பிடிக்கும் ஏற்பி அது. எந்தத் துணுக்கு என்பதில் அந்த ஆய்வகம் முதலில் தவறான விடை சொல்லி, அதைத் தானே கண்டுபிடித்து, 2013-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, 2015-ல் சரியானதைச் சொன்னது. இப்படிப் பகிரங்கமாகத் திருத்திக்கொள்வது அறிவியலில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை. மரபணுவுக்குப் பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியபோது, அதில் வரும் பணத்தில் மாலி போன்ற நாடுகளின் மாணவர்களுக்கு உதவ ஒரு நிதியும் அமைத்தார்கள். நிறுவனங்கள் அதை விற்பனைக்குக் கொண்டுபோகாததால் நிதிக்குள் பணம் வரவில்லை.

இந்த மரபணுக்களில் ஒன்றை மட்டும் நம்பி இறங்கினால் எக்ஸ்ஏ 4-க்கு நடந்ததே நடக்கும். இரண்டு மூன்றை ஒரே நெல்லில் சேர்த்தால், பாக்டீரியா ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மீற வேண்டும். சொல்வது சுலபம். எக்ஸ்ஏ 21 உள்ளே இருந்தால் கத்தரிக்கோல் சோதனையில் செடி கருகாது. அப்படியானால் அதற்குள் எக்ஸ்ஏ 5-உம் 13-உம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவை இரண்டும் ஒடுங்கு குணம் வேறு, அப்பா அம்மா இரண்டு பக்கமும் வந்தால்தான் தலைகாட்டும். கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க டி.என்.ஏ. அடையாளக்குறிகள் தேவைப்பட்டன. நாற்றுப் பருவத்திலேயே ஒரு துண்டு இலையை எடுத்து, மூன்றும் உள்ளதா என்று பார்த்துவிடலாம்.

ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து இதைத்தான் செய்தன. எடுத்துக்கொண்ட நெல் பாபட்லாவில் பிறந்த சாம்பா மசூரி, நாம் பி.பி.டி. என்று சொல்வது. சன்ன அரிசி, சாதம் உதிரியாக வரும், சந்தையில் விலை உண்டு, இலைக்கருகல் வந்தால் நிற்காது. மூன்று மரபணு உள்ள ஒரு கொடை நெல்லோடு கலந்து, பிறக்கும் பிள்ளையை மறுபடி மறுபடி பி.பி.டி.யோடேயே நான்கு தடவை கலந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று மரபணுவும் இருக்கும், மற்றதில் பி.பி.டி. சாயல் அதிகம் உள்ள செடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2008-ல் இம்ப்ரூவ்டு சாம்பா மசூரி வெளிவந்தது. அதற்கு முந்தைய வருஷம் டெல்லி பூசா நிறுவனம் எக்ஸ்ஏ 13, 21 இரண்டையும் ஏற்றிய பாஸ்மதியை வெளியிட்டது. பிற உயிரின் மரபணு எதுவும் புகுத்தப்படவில்லை. எல்லாம் கலப்புதான், ஆய்வகம் கண்ணாக மட்டும் வேலை செய்தது. ஜி.எம்., அதாவது மரபணு மாற்றுப் பயிர், என்று பயப்படுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த கட்டம் சுவிட்சுகளையே திருத்துவது. 2019-ல் ஒரு பன்னாட்டுக் குழு மூன்று ஸ்வீட் சுவிட்சுகளையும் கிறிஸ்பரால் திருத்தி, ஐ.ஆர். 64 உள்ளிட்ட ரகங்களில் பரந்த எதிர்ப்பைக் காட்டியது. அதே வருஷம் தான்சானியாவில் அதுவரை ஆப்பிரிக்காவில் காணாத ஆசிய வகை பாக்டீரியா வயல்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள ரகங்களுக்கு அது புதுசு. கிழக்கு ஆப்பிரிக்காவில் விளையும் கொம்போகா ரகத்தில் இதே திருத்தத்தைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் வெளி மரபணு சேர்க்காத திருத்தங்களுக்கு 2022-ல் விதிகள் தளர்ந்தன. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு திருத்திய நெல்களில் ஒன்றான கமலா, இதே சாம்பா மசூரியிலிருந்து மகசூலுக்காகச் செய்யப்பட்டது. சுவிட்ச் திருத்திய நெல்லும் அதே தளர்ந்த விதிகளின் வழியாக வர முடியும். ஆனால் சுவிட்சில் ஒட்ட இடம் இல்லையென்றால் அடுத்த இடத்தில் ஒட்டும் புரதத்தை பாக்டீரியா தேடிக்கொள்ளாது என்று யாரும் எழுதித் தர முடியாது. எக்ஸ்ஏ 21-ஐ மீறும் வகைகள் ஏற்கனவே ஆசியாவில் பிடிபட்டிருக்கின்றன.

வயலில் இதற்கெல்லாம் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. இம்ப்ரூவ்டு சாம்பா மசூரி மணியையும் சாதாரண பி.பி.டி. மணியையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆலையில் விலையும் ஒன்று. மழை அடித்த வருஷத்தில்தான் வித்தியாசம் தெரியும், அப்போது விதைப்பு முடிந்திருக்கும். ஆகவே விதை வாங்கும்போதே எந்த பி.பி.டி. என்று கேட்டு வாங்க வேண்டும்.

எதிர்ப்பு ரகம் நட்ட வயலிலும் எப்போதாவது ஒரு மூலையில் இலை ஓரம் மஞ்சளாகும். அப்போது அந்த டம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள். பால் இழை இறங்கினால், விதைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன், இலையைக் காகிதத்தில் மடித்துப் பக்கத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கொடுங்கள். கலப்பட விதையாக இருக்கலாம். இல்லையென்றால், மூன்று பூட்டையும் தாண்டிய புது பாக்டீரியா முதன்முதலாக உங்கள் வயலில்தான் வந்திருக்கலாம்.